ஆடாத ஊசல்

ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆய்வக அலமாரியில், ஊசல் குண்டு ஒன்று இந்த ஆண்டு பள்ளி திறந்த நாள்முதல் நூலில் கட்டப்படாமலே தூசி படிந்து கிடந்தது. ஒருநாள், கீழே மேசைமீது விரிந்து கிடந்த செய்முறை நோட்டில் தன் பெயரைக் கண்டு அது திடுக்கிட்டது.

“இருபது அலைவுக்கு முப்பத்தாறு விநாடியா? நான் எப்போதடா ஆடினேன்?”

“போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதியதுதான், குண்டண்ணே. வாத்தியார் சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டாயிற்று. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்!” என்று இளித்தது நோட்டு.

“ஆடாத என்னைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்துவிட்டு, இளிப்பு வேறா?”

குண்டுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அலமாரியின் விளிம்புவரை உருண்டு, அங்கிருந்து குதித்து, அந்தப் பக்கத்தைக் கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்தது.

“இந்த வருஷம் நான் அசைந்தது இந்த ஒரு முறைதான். இதை எழுதிக்கொள், பார்ப்போம்!”