கன்னத்துக் குழிகள்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஹார்ஸ்கோம் பிரபு போரில் வென்றுவிட்டார். ஈரம் காயாத படத்தில் அவர் மார்பில் கவசம் மின்னுகிறது, பின்னால் புயல்மேகம் திரள்கிறது, காலடியில் பீரங்கி புகைகிறது. நிஜத்தில் அவர் பார்த்ததெல்லாம் வேட்டைநாய்கள் போட்ட சண்டைதான். பக்கத்துப் படத்தில் அவர் மனைவி டொராதியா, பத்தினி என்பதற்கு அடையாளமாக மடியில் ஒரு நாய்க்குட்டியும், பாலாடை போன்ற கன்னமுமாக அமர்ந்திருக்கிறாள். வடக்கு ஜன்னலின் வெளிச்சமோ நாற்காலியில் இருக்கும் அசல் டொராதியாவின் முகத்தில் விழுந்து, பெரியம்மைக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு துளி நிழலை விட்டுவைக்கிறது. அவள் விசிறியைப் பட்டென்று மூடுகிறாள். "யாரு இது, மிஸ்டர் பென்ஃபோல்டு? என் குழியெல்லாம் எங்க?"

"அதெல்லாம் வரையற வழக்கமில்லீங்களே, சீமாட்டி," என்று ஓவியர் நெளிகிறார். "பேரப்பிள்ளைங்க பாத்தா மிரண்டுடும், டாலி," என்று மனைவியைச் செல்லப்பெயரில் அழைக்கிறார் பிரபு. "மிரளட்டும். என் தங்கச்சிங்க ரெண்டு பேரையும் வாரிட்டுப் போன நோய் இது. நான் எந்திரிச்சு வந்தேன். உங்க கவசத்துல ஒரு கீறலாவது இருக்கா? இந்த வீட்டுல சண்டை போட்டு ஜெயிச்ச ஒரே ஆளு நான்தான். குழியைப் போடுங்க, இல்லன்னா படத்தைக் கிழிச்சுடுவேன்." ஓவியர் தூரிகையைப் பழுப்பில் தோய்த்து, பாலாடைக் கன்னத்தில் குழி குழியாக வைக்கிறார். அவள் எழுந்து வந்து அவர் தோளருகே நின்று, விடுபட்ட இடங்களை விசிறி நுனியால் காட்டுகிறாள்.

மூக்கை அவர் பாதியாகக் குறைத்து வரைந்திருப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.