பத்து ரவுண்டு

"கிருமியும் இல்ல, கேன்சரும் இல்ல. உடம்பே தன்னோட எலும்பைப் புண்ணாக்கிக்கிற நோய்," என்றார் டாக்டர், ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி. "கால்ல மூணு இடம். முதுகெலும்புல ஒண்ணு அமுங்கியே போச்சு. இனி அது பழையபடி வர்றது கஷ்டம். எத்தனை நாளா வலி?"

"எட்டு மாசமா," என்றாள் அம்மா.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

பத்து வயது மகள் முந்திக்கொண்டாள். "நான் நடிக்கிறேன்னு பி.டி. சார் சொன்னார். நொண்டினா கிரவுண்டைப் பத்து ரவுண்டு ஓடவிடுவார்."

"தினமுமா?"

"நொண்டின அன்னைக்கெல்லாம்."

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஸ்கூலுக்குப் புகார் எழுதுங்கம்மா. நானும் கையெழுத்துப் போடறேன். அந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டியே கிடையாதா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"இருக்கு டாக்டர். இவதான். சொந்தப் பொண்ணுக்குச் சலுகை காட்டறேன்னு பேச்சு வந்துடக் கூடாதேன்னு..."

கையிலிருந்த ஷூவால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அழாதீங்க சார்," என்றாள் மகள்.

எட்டு மாதமாக வீட்டிலும் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.