கவசத்தின் அளவு

பன்வில தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் இருளப்பன்தான் ராஜா. தேயிலைப் பெட்டியில் உரித்த ஈயத்தாளை அட்டையில் ஒட்டி, அவன் மனைவி வேலாயி வீட்டிலேயே மார்க்கவசம் செய்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் மாட்டிப் பார்த்தபோது அது தொளதொளத்தது. இருமலில் அவன் இளைத்துக்கொண்டே வந்தான். அவள் பட்டியைக் குறுக்கித் தைத்தாள்.

கடைசி ஞாயிறு அவனே மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இறுக்குது புள்ள. கொஞ்சம் தளத்தி விடு."

வேலாயிக்குக் கண் கலங்கியது. "ஒடம்பு தேறிருச்சுங்க. நாளைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்."

நாடகம் முடிந்த காலையில், சுவரில் சாய்ந்த ராஜா எழுந்திருக்கவில்லை. வேலாயி கவசத்தை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து அவளுடைய பழைய சேலை, மடிப்பு மடிப்பாக விழுந்துகொண்டே இருந்தது.