கரி ஒட்டாத சுவர்

கண்காட்சிக்கு மூன்று நாள்தான் இருந்தது. போன வருடம் அவர் செய்த ரயில் நிலைய மாதிரியை, "ரொம்பப் புதுசா இருக்கு" என்று நடுவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். இம்முறை பழசாகத் தெரியட்டும் என்று, நிலையத்தின் செங்கல் சுவரிலும் பக்கத்தில் இருந்த சின்னக் கிடங்கிலும் கரித்தூளைத் தூரிகையால் ஒற்றினார். காலையில் நிலையச் சுவரின் கீழ்ப்பாதி துடைத்துவிட்டதுபோல் சிவந்திருந்தது. மறுபடி பூசினார்; மறுநாளும் அப்படியே, சரியாக இரண்டு சென்டிமீட்டர் உயரம் வரை.

"நீதானே தொடச்சே?"

"நம்ம வீட்டு ஜன்னலையே நான் தொடைக்கிறதில்ல. உங்க பொம்மை ஸ்டேஷனைத் தொடைக்க வந்துட்டேனாக்கும்!" என்றாள் மனைவி.

பிறகு குனிந்து, நடைமேடையில் ஒட்டியிருந்த பெண் பொம்மையைப் பார்த்தாள்.

"பாவம், அதுக்கு மேல கை எட்டல போல."

தீக்குச்சிகளைச் சீவி, சின்ன ஏணி ஒன்று செய்து சுவரில் சாய்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி கரி பூசினார்.

கண்காட்சியன்று காலை, சுவர் உச்சிவரை சிவந்திருந்தது. அவர் கரித்தூள் டப்பாவை மூடி வைத்தார். ஏணி, கரி படிந்த பக்கத்துக் கிடங்கின் சுவரில் சாய்ந்திருந்தது.