தராசு தேர்ந்தெடுத்த சுஷி கடை

எங்களைக் கதவோரம் உட்கார வைத்தார்கள்.

கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று முதலில் அவள் மேல் பட்டு, மிச்சம்தான் என்னிடம் வந்தது.

"இதுதான் முதல் இடம் வாங்கின கடையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அந்த ஆமாம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மாலை நேரக் கணக்கு வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் உட்காருபவள் அவள். போன மாதம் வகுப்பு முடிந்து படி இறங்கும்போது, "இந்த வட்டாரத்துல நல்ல சுஷி கடை எதுன்னு உங்களைத்தான் கேட்கணும்" என்றாள்.

வகுப்பில் எனக்குத் தராசு என்று பட்டப்பெயர். கூட்டல் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவன் என்பதால் வந்தது. அது பாராட்டாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். "சொன்னாப் போதாது, கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக இறங்கினேன். வேலை முடிந்த கையோடு ஒவ்வொரு கடையாகப் போனேன். எல்லாக் கடையிலும் ஒரே சாப்பாடுதான்: முட்டை வைத்தது ஒன்று, சால்மன் வைத்தது ஒன்று. அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஆனால் என் நாக்கை நான் நம்புவதில்லை. அம்மா உப்புப் போட மறந்த நாளிலும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன நாக்கு அது. ஆகவே, கவனிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்தேன்.

கவனிப்பில் இந்தக் கடையை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே நுழைந்த மாத்திரத்தில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் தனி மேசை. கேட்டு வாய் மூடுவதற்குள் தட்டு வந்தது. கேட்காமலே இரண்டு துண்டு கூடுதல். "எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று சமையல்காரரே வந்து விசாரித்தார். என்னை யாரும் அதுவரை சார் என்றதில்லை. மதிப்பெண்ணில் அதுவும் கலந்திருக்கலாம்.

மற்ற கடைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். சந்துமுனையில் புருஷனும் பெண்டாட்டியும் நடத்தும் கடை மட்டும் வேறு மாதிரி. என்னை நட்டநடுவில், விளக்குக்கு அடியில் உட்கார வைத்தார்கள். "கொஞ்சம் பொறுங்க தம்பி, சோறு இன்னும் பதத்துக்கு ஆறலை" என்றார் அந்த அம்மாள். எல்லோரோடும் சேர்த்து என்னையும் காக்க வைத்தார்.

அதற்குக் கடைசி இடம்.

இன்று புதுச்சட்டை போட்டிருந்தேன். வேலைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மூங்கில் தட்டிக்குப் பின்னால் மேசை காலியாகவே இருந்தது. பரிமாறுபவரிடம், "நான் முன்னாடி வந்திருக்கேன்" என்றேன்.

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்துத் தட்டு வந்தது. சோற்றின் மேல் இருந்தது மீனா, மீனின் படமா என்று சந்தேகமாக இருந்தது. அவள் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

எங்கே தப்புப் போட்டேன் என்று மனதுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தேன். விடை வரவில்லை. குளிருக்காவது ஏதாவது செய்யலாம் என்று கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"துவைச்சதுதான்" என்றேன், அவள் கேட்காமலே.

போட்டுக்கொண்டு கை கழுவ எழுந்து போனாள்.

சமையல்காரரின் கத்தி பாதியில் நின்றது. அவள் நடந்த வழியில் ஒவ்வொரு மேசையாகப் பேச்சு அடங்கியது. ஒரு பெரியவர் வாய்வரை கொண்டுபோன துண்டை மெல்லத் தட்டில் இறக்கி வைத்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். வேலையிடத்தில் எல்லோர் முதுகிலும் இருப்பதால் என் கண்ணில் படுவதே இல்லை. இங்கே பட்டது.

கோட்டின் முதுகு நிறைய ஒரு கரப்பான்பூச்சிப் படம். அதன் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு. கீழே, 'கூப்பிடுங்கள், உடனே வருகிறோம்.'

அவள் திரும்பி வருவதற்குள் எங்கள் தட்டு மூங்கில் தட்டிக்குப் பின்னால் போயிருந்தது. முதலில் வந்த தட்டு அல்ல அது. மீன் சோற்றைப் போர்வை மாதிரி மூடியிருந்தது. "எல்லாம் சரியா இருக்கா மேடம்?" என்று சமையல்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இனி மறைப்பதில் நியாயமில்லை. கோட்டின் முதுகில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும். அந்தக் கரப்பானைப் பார்த்துப் பார்த்துத்தானே கணக்குப் படிக்கிறேன்" என்றாள். "அதனாலதான் உங்களைக் கேட்டேன். எந்தச் சமையல்கட்டு எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா?"

ஆக, அவள் கேட்டது தராசை அல்ல.

"நான் பூச்சிமருந்துக் கிடங்குல இருக்கேன். ஒரு சமையல்கட்டையும் எட்டிப் பார்த்ததில்ல" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இதையும் மறைத்துவிட்டால், அப்புறம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

"சரி தராசு, இந்த முதுகைப் பார்த்துட்டும் உங்களைக் காக்க வச்ச கடை ஏதாவது உண்டா?"

"ஒண்ணு உண்டு" என்றேன். "அதுக்குக் கடைசி இடம் குடுத்திருக்கேன்."

அவள் எழுந்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் சமையல்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.