தேய்ன் பள்ளத்தாக்கு

யூட்டா பாலைவனத்தில் யாரும் இறங்கிப் பார்த்திராத அந்தச் செங்குத்துப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றபடி, நில அளவைத் தலைவர் எல்டன் வரைபடத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். உதவியாளன் தேய்ன் எட்டிப் பார்த்தான். 'தேய்ன் பள்ளத்தாக்கு'.

"எம் பேரா சார்?"

"அளக்குற நாமதானேப்பா பேரு வைக்கணும்? ஆபீஸ்லயும் ஒத்துக்குவாங்க. இறங்கி ஆழத்தைப் பார்த்துட்டு வா."

தேய்னுக்கு வாயெல்லாம் பல். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனை எல்டனின் கையில் இருந்தது. சிவந்த பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி வந்தன. கால் பட்டு உருண்ட கல், கீழே விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"என் பொண்டாட்டி வேராகிட்ட சொன்னா நம்பவே மாட்டா சார்!"

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்தக் குரல் ஏனோ அவனுக்குப் பிடிக்கவில்லை. பயத்தை மறைக்கச் சிரித்தான்.

"அப்ப பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அவ பேரை வெச்சிடுங்க சார். ஜோடியா இருக்கட்டும்!"

எல்டன் விளிம்பிலிருந்து குனிந்து அவனைப் பார்த்தார்.

"அது முடியாதுப்பா. உயிரோட இருக்கிறவங்க பேரை வரைபடத்துல போட ஆபீஸ்ல விடமாட்டாங்க."

மேலே கயிறு தளர்ந்தது.