நல்லம்மாவுக்கு வந்த சூடு

"அந்த யன்னலைப் பூட்டுங்கோ அம்மா! என்ர சேலை நனையுது."

குச்சவெளி பஸ்ஸில் நல்லம்மாவுக்குப் பின் சீற்றில் இருந்த பிரசாந்தினி கத்தினாள். நிலாவெளியில் கல்யாண வீடு. உடுத்திருந்தது புதுப் பட்டு. வெளியே மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நல்லம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொன்னாள்:

"ஏலாது பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் அவியுது."

"இந்த மழைக்குள்ளயோ?"

"ஓம். மாதவிலக்கு நிக்கிற வயசில பொம்பிளையளுக்கு வாற சூடு. உனக்கும் ஒருநாள் வரும், அப்ப தெரியும்!"

"அறுபது தாண்டியும் சூடு அடங்கேல்லையோ?" என்று யாரோ கேட்க, பஸ்ஸே சிரித்தது. நல்லம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

பக்கத்தில் அவளுடைய கணவர் யோகலிங்கம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த உடம்பு, முறுக்கு மீசை. மனுசன் நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'பெண்சாதிக்கு ஒரு சொல் சொல்லக்கூடாதா?' பிரசாந்தினிக்கு எரிச்சல். "யன்னல் பூட்ட வேணும்" என்று கொண்டக்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

சாம்பல்தீவில் பஸ் நின்றது. இரைச்சல் அடங்கியதும் முன் சீற்றுக் குசுகுசுப்பு தெளிவாகக் கேட்டது.

"இப்ப சுகமோ?" இது நல்லம்மா.

"பரவாயில்லை. ஆனா நீ நடுங்கிறாய். எல்லாரும் உன்னைப் பகிடி பண்ணினம். இனி எனக்கு இந்த ஊசி வேண்டாமப்பா."

"விசர்க்கதை கதையாதேங்கோ! புரொஸ்டேட் கான்சருக்குப் போடுற ஊசி. மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் போட்டாத்தானே வருத்தம் அடங்கிக் கிடக்கும்? அதால கொஞ்சம் சூடு கிளம்பினா என்ன?"

"பொம்பிளையளுக்கு வாற சூடு எனக்கு வருதெண்டு தெரிஞ்சா ஊர் சிரிக்குமே."

"என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். எனக்கு அது வந்துபோய்ப் பத்து வருசம். ஆருக்குத் தெரியப்போகுது?"

பிரசாந்தினி எட்டிப் பார்த்தாள். மழை படாத பக்கம் இருந்த யோகலிங்கத்தின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நல்லம்மாவின் கைகள் குளிரில் சிலிர்த்திருந்தன.

சனத்துக்குள் நெரிபட்டுக் கொண்டக்டர் வந்து சேர்ந்தார்.

"எந்த யன்னலக்கா பூட்ட வேணும்?"

"ஒண்டையும் பூட்டாதேங்கோ தம்பி." பிரசாந்தினி தன் பக்கத்து யன்னலையும் தள்ளித் திறந்தாள். "எனக்கும் ஒரே அவிச்சல்!"